வரி கட்டுவது ஒருவர், புகை விடுவது இன்னொருவர்: துறைமுகச் சொத்து வரியை வைத்துக் காற்றைச் சுத்தம் செய்ய முடியுமா?

கப்பல் கரையைத் தொட்டதும் அதன் பிரதான இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தால் மெல்லிய புகை வந்துகொண்டேதான் இருக்கும். விளக்கு எரிய வேண்டும், குளிர்பதனப் பெட்டகங்கள் (கன்டெய்னர்கள்) குளிர்ச்சி குறையாமல் இருக்க வேண்டும், பம்புகள் ஓட வேண்டும். அதற்காகத் துணை இயந்திரங்கள் இரவும் பகலும் எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கின்றன. சரக்கு ஏற்றி இறக்க இரண்டு நாள் ஆனால் இரண்டு நாளும் இந்தப் புகை பக்கத்துக் குடியிருப்புகளின் மேல் படியும்.

அதே கரையில் கிரேன்களையும் கிடங்குகளையும் வைத்திருக்கும் முனைய நிறுவனம் ஆண்டுதோறும் நகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறது. நிலத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும் அந்தச் சீட்டில் புகையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

துறைமுகத்தை வைத்திருக்கும் அரசுகள் இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட ஆசைப்படுகின்றன. வரியைக் குறைத்தால் முதலீடு வரும், முதலீடு வந்தால் புது இயந்திரம் வரும், புது இயந்திரம் வந்தால் புகை குறையும் என்பது கேட்க நன்றாக இருக்கும் ஒரு வாதம். பேச்சுக்கு வரும் வழிகள் நான்கு: வரிக்கு உச்சவரம்பு போடுவது, சுத்தமான கருவிகளுக்கு மட்டும் வரிவிலக்கு தருவது, புகைக்கே கட்டணம் வைப்பது, சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்துவது. எது எதற்கு உதவும், எது வீண் செலவு என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பல திட்டங்கள் தடம் மாறிப் போகின்றன. துறைமுகத்தில் எழும் புகை ஒரே புகை அல்ல, பெரும்பாலும் மூன்று. ஒன்று கப்பலின் புகை. இரண்டாவது, முற்றத்தில் ஓடும் டீசல் கிரேன்களும் இழுவை வண்டிகளும் விடுவது. மூன்றாவது, வாசலில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளுடையது. முதலாவது கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு, இரண்டாவது முனைய நிறுவனத்தின் பொறுப்பு, மூன்றாவது லாரி உரிமையாளருடைய பொறுப்பு. உலகின் பெரிய துறைமுகங்கள் பலவற்றில் நிலம் துறைமுக ஆணையத்துடையது, முனையத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறு, கப்பல் மூன்றாமவருடையது. சொத்து வரி நிலத்தையும் கட்டடத்தையும் பிடித்து நிற்கும். நாளைக்குக் கடலுக்குப் போய்விடும் கப்பலை அது தொடவே தொடாது.

இந்த ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

உச்சவரம்பு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2004 வரி ஆண்டிலிருந்து இதைச் செய்துகாட்டியது. பட்டியலிட்ட துறைமுக முனையங்களுக்கு, மதிப்பில் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 27.50 டாலருக்கு மேல் நகராட்சி வரி போடக் கூடாது என்றது. புதிய முதலீட்டுக்கு வரம்பு இன்னும் குறைவு: 22.50 டாலர். நகராட்சிகளுக்கு ஏற்படும் இழப்புக்கு மாகாண அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. அண்டை நாட்டுத் துறைமுகங்களோடு போட்டி போட முடியவில்லை, நகராட்சிகள் ஏறுமுகமாகவே வரி போட்டுக்கொண்டிருந்தால் முதலீடு எப்படி வரும் என்பது முனையங்களின் குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நகரமன்றத் தேர்தலில் வீட்டுக்காரர்களுக்கு வாக்கு உண்டு, முனையத்துக்கு இல்லை. வரியைக் கூட்ட வேண்டி வந்தால் கை எந்தப் பக்கம் நீளும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்த வழியைக் காற்று மாசுக் கொள்கை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். உச்சவரம்பின் பயன் பழைய டீசல் கிரேன் வைத்திருப்பவருக்கும் உண்டு, மின்கிரேன் வைத்திருப்பவருக்கும் உண்டு. புதிய முதலீடு என்றால் அது கூடுதல் கொள்ளளவாகவும் இருக்கலாம்; கொள்ளளவு கூடினால் கப்பல் கூடும், லாரி கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலத்தின் மீதான வரியைக் குறைத்து ஒரு துறைமுகத்தைத் தக்கவைக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் கிடையாது. ஆழமான நீரோடு, ரயில் பாதையோடு சேர்ந்த நிலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. ஓடிப் போகக்கூடியது இயந்திரத்தில் போடும் முதலீடுதான். ஆகவே சலுகை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நிலத்துக்கு முழு வரியை வைத்துக்கொண்டு இயந்திரத்துக்குக் குறைப்பதே புத்திசாலித்தனம். ஒட்டுமொத்த உச்சவரம்பு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

துறைமுகமே அரசுச் சொத்தாக இருக்கும் இடங்களில் கதை வேறு. அங்கே சொத்து வரியே கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு தொகை கொடுப்பார்கள். அந்தத் தொகையைக் கொடுப்பவரே தன் விருப்பப்படி கணக்குப் போட்டால் நகராட்சி என்ன செய்யும்? மாண்ட்ரியலில் இதுவே நடந்து, 2010-ல் கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. சொந்தமாக ஒரு கற்பனை வரிவிகிதத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது, நகரத்தின் உண்மையான விகிதத்தை ஒட்டித்தான் தொகை அமைய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வரிச்சலுகை மூலம் புகையைக் குறைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குறைக்க வரி இருந்தால்தானே சலுகை!

சுத்தமான கருவிக்கு விலக்கு

சொத்து வரியால் காற்றுக்கு ஏதாவது நல்லது செய்ய முடியும் என்றால் அது இங்கேதான். அதுவும், இன்றைய வரி செய்துகொண்டிருக்கும் ஒரு கெடுதலை நிறுத்துவதன் மூலம்.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். ஒரு முனையத்தின் மதிப்பு 100 பங்கு: நிலம் 60, கட்டடமும் இயந்திரமும் 40. இப்போது அந்த நிறுவனம் கரையிலிருந்து கப்பலுக்கு மின்சாரம் கொடுக்க 15 பங்கு மதிப்பில் ஒரு துணைமின் நிலையம் அமைக்கிறது. நிலையான கருவிகளையும் மதிப்பீட்டில் சேர்க்கும் ஊராக இருந்தால் அடுத்த ஆண்டு அதன் மதிப்பு 115. வரியும் 15 விழுக்காடு ஏறும். ஒரு பெட்டகம்கூடக் கூடுதலாக வரவில்லை. புகை குறைந்திருக்கிறது, அதற்குப் பரிசு கூடுதல் வரி. பக்கத்தில் எதுவும் செய்யாமல் கப்பல்களைப் புகைய விட்டவருக்கு வரி அப்படியே இருக்கிறது.

அந்த 15 பங்கில் என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். கரை மின்சாரம் என்றால் சுவரில் ஒரு பிளக் என்று நினைத்துவிடக் கூடாது. சரக்குப் பெட்டகக் கப்பலுக்கு 6,600 வோல்ட்டில் மின்சாரம் கொடுக்க வேண்டும். பெரிய பயணக் கப்பல்களுக்கு 11,000 வோல்ட் வரை போகும். பெரும்பாலான கப்பல்கள் 60 ஹெர்ட்ஸில் இயங்குபவை. உலகின் பெரும்பாலான நாடுகளின் மின்சாரமோ 50 ஹெர்ட்ஸ். இரண்டையும் இணைக்க அதிர்வெண் மாற்றி வேண்டும். அது ஒரு சிறு கட்டடத்தையே நிரப்பும் கருவி. செலவில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். கை தடிமனுள்ள கம்பிவடங்களைப் பெரிய உருளையிலிருந்து பிரித்து, அலையில் கப்பல் ஏறி இறங்கும்போதும் இழுபடாதபடி மாட்ட வேண்டும். கப்பலின் மின்சுமையைக் கரைக்கு மாற்றிய பிறகே துணை இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். அப்போதுதான் புகைபோக்கியின் மேலே வானம் தெளிவாகத் தெரியும். இந்தக் கருவிகளில் எதுவும் முனையத்துக்கு ஒரு பெட்டகம் அதிகமாகச் சம்பாதித்துத் தராது. இதற்கு வரி போடுவது எனக்கு நியாயமாகவே படவில்லை.

ஆகவே மதிப்பீட்டுப் பதிவேட்டிலிருந்து இப்படிப்பட்ட கருவிகளை நீக்குவது முதல் வேலை. இது புதுமையும் அல்ல. டெக்சஸ் மாகாணம் 1993-லேயே மாசுக் கட்டுப்பாட்டுச் சொத்துக்குச் சொத்து வரி விலக்கு கொடுத்தது. பிரிட்டன் அரசு இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து, அந்தந்த இடத்திலேயே புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தயாரித்துச் சேமிக்கும் கருவிகளுக்கு வணிகச் சொத்து வரியில் விலக்கு கொடுத்திருக்கிறது.

ஆனால் டெக்சஸ் அனுபவத்தில் ஒரு பாடமும் உண்டு. புகையைக் குறைக்கவும் செய்யும், உற்பத்தியைக் கூட்டவும் செய்யும் கருவிகளை எந்தப் பக்கம் சேர்ப்பது? மின்நிலையங்களில் வெளியேறும் வெப்பத்தை மீட்டு நீராவி தயாரிக்கும் கொதிகலன்கள் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியா, இல்லை சாதாரண உற்பத்திக் கருவியா என்று அங்கே பல ஆண்டுகள் வழக்கு நடந்து, மாகாண உச்ச நீதிமன்றம் வரை போனது. துறைமுகத்திலும் இதே சிக்கல் வரும். மின்கிரேன் டீசல் கிரேனைவிடச் சுத்தம், வேகமும் அதிகம். அதற்கு முழு விலக்கா, பாதி விலக்கா? ‘சுத்தமான கருவி’ என்று பொதுவாக எழுதி வைத்தால் வழக்கறிஞர்களுக்குத்தான் லாபம். விலக்கு பெறும் கருவிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும்: கரை மின்சாரக் கருவிகள், அதிர்வெண் மாற்றி, மின்வண்டிகளுக்கான மின்னேற்றிகள் என்று.

இதன் அடுத்த படியாகச் சிலர் சொல்வது நிபந்தனைச் சலுகை: ஒட்டுமொத்தப் புகையை இவ்வளவு குறைத்தால் வரியில் இவ்வளவு தள்ளுபடி. இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. முதல் காரணம் முன்பே சொன்னதுதான். முனையத்தின் கையில் இல்லாத கப்பல் புகைக்கு முனையத்தின் வரியைக் கூட்டிக் குறைப்பதில் அர்த்தமில்லை. இரண்டாவது காரணம், நிபந்தனையை எழுதுவது எளிது, நிறைவேற்றுவதைக் கண்காணிப்பது கடினம். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தின் சீனா ஷிப்பிங் முனையம் இதற்கு நல்ல உதாரணம். முறையான சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் அந்த முனையம் கட்டப்படுகிறது என்று பக்கத்துக் குடியிருப்புவாசிகளும் சுற்றுச்சூழல் அமைப்பும் 2001-ல் வழக்குப் போட்டார்கள். 2003-ல் 5 கோடி டாலர் மாசுத் தணிப்பு நிதியோடு சமரசம் ஆனது. அதன் பயனாக 2004-ல் அங்கே பெட்டகக் கப்பல்கள் கரை மின்சாரத்தில் நிற்கத் தொடங்கின. அது ஒரு முன்னோடிச் சாதனை. ஆனால் அதே முனையத்துக்குப் பின்னால் விதிக்கப்பட்ட தணிப்பு நடவடிக்கைகளில் பல முழுமையாக நிறைவேறவில்லை என்பது 2015-ல் வெளியே வந்தது. வழக்கு, மக்கள், செய்தியாளர்கள் என்று இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே இந்த நிலை. ஆண்டுக்கொரு முறை வரிச்சீட்டு அனுப்பும் நகராட்சி வருவாய்ப் பிரிவு இதைக் கண்காணிக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

புகைக்கே கட்டணம்

கப்பலைத் தொட வேண்டுமானால் கப்பல் கட்டும் பணத்தைத்தான் தொட வேண்டும். துறைமுகக் கட்டணமும், நாட்டின் கடல்வழியைப் பயன்படுத்தக் கட்டும் கப்பல்வழிக் கட்டணமும் அப்படிப்பட்டவை. ஸ்வீடன் 1998-ல் கப்பல்வழிக் கட்டணத்தைக் கந்தகத்துக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் ஏற்ப மாற்றியது. வான்கூவர் துறைமுகம் 2007 முதல் சுத்தமான கப்பல்களுக்குத் தள்ளுபடி கொடுக்கிறது. 2011-லிருந்து கப்பல் சுற்றுச்சூழல் குறியீடு என்ற பொது மதிப்பெண் முறையும் இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண், அதை வைத்துத் தள்ளுபடி.

இது எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லாங் பீச் துறைமுகம் 2005-ல், கரையை நெருங்கும்போது 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வேகத்துக்குள் வரும் கப்பல்களுக்குக் கட்டணத் தள்ளுபடி கொடுக்கத் தொடங்கியது. பெருவாரியான கப்பல்கள் அதை ஏற்றுக்கொண்டன. ஏன் என்றால் வேகத்தைக் குறைக்க எதையும் வாங்க வேண்டியதில்லை, எரிபொருளும் மிச்சம். ஆனால் அதே அளவு தள்ளுபடிக்காக யாரும் இயந்திரத்தை மாற்ற மாட்டார்கள். ஒரு பயணத்தின் மொத்தச் செலவில் துறைமுகக் கட்டணம் சிறு பகுதி. அதில் ஒரு சிறு பகுதிதான் தள்ளுபடி. ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் கப்பல் வந்து பரிசை வாங்கிக்கொண்டு போகும். அழுக்குக் கப்பல் முழுக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் புகைந்துகொண்டே நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வடிவம் துறைமுகத்துக்கு வெளியே இருக்கிறது. ஸ்வீடன் 1992-ல் பெரிய கொதிகலன்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுக்குக் கிலோவுக்கு 40 குரோனா கட்டணம் வைத்தது. வசூலான பணத்தை அரசு கஜானாவில் போடாமல், நிர்வாகச் செலவு போக மீதியை அதே ஆலைகளுக்கு, அவை தயாரித்த ஆற்றலின் விகிதத்தில் திருப்பிக் கொடுத்தது. சராசரியைவிட அதிகம் புகைந்தவர் நஷ்டப்பட்டார், குறைவாகப் புகைந்தவர் லாபம் பார்த்தார். மொத்தத்தில் தொழிலிலிருந்து பணம் வெளியே போகவில்லை என்பதால் எதிர்ப்பும் அடங்கியது, கட்டணத்தையும் உறைக்கிற அளவுக்கு வைக்க முடிந்தது. நார்வே 2007-ல் நைட்ரஜன் ஆக்சைடு வரி போட்டு, கப்பல்களையும் அதில் சேர்த்தது. அடுத்த ஆண்டே தொழில் அமைப்புகள் ஒரு நிதியம் தொடங்கின. வரிக்குப் பதில் அதைவிடக் குறைந்த தொகையை நிதியத்தில் கட்டலாம். நிதியம் அந்தப் பணத்தைப் புகை குறைப்புக் கருவிகளுக்கு மானியமாகத் தரும்.

துறைமுகத்துக்கு இதை அப்படியே கொண்டுவரலாம். கரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இயந்திரம் ஓடினால் கட்டணம். வசூலான தொகை ஏற்றி இறக்கிய சரக்கின் விகிதத்தில் திரும்பிப் போகும். தள்ளுபடி முறையின் பலவீனம் இதில் இல்லை, ஏனென்றால் அழுக்குக் கப்பல் கொடுக்கும் பணமே சுத்தமான கப்பலின் பரிசாக ஆகிறது.

லாரிக்கு இன்னும் எளிது. லாஸ் ஏஞ்சலஸும் லாங் பீச்சும் 2022 ஏப்ரலிலிருந்து 20 அடிப் பெட்டகத்துக்கு 10 டாலர் வாங்குகின்றன. புகையில்லா லாரியில் போனால் கட்டணம் இல்லை. பணம் அத்தகைய லாரி வாங்க உதவித்தொகையாகப் போகிறது.

கட்டாயம்

சில புகைகளுக்கு விலை வைத்துக்கொண்டு காத்திருக்க மனம் ஒப்பவில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. கப்பல் எரிபொருளின் கந்தக அளவைப் பார்த்தால் எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறோம் என்று தெரியும். 2020 ஜனவரியில் உலகளாவிய உச்சவரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஐரோப்பாவில் சாலையில் ஓடும் டீசலில் அனுமதிக்கப்படும் கந்தகத்தைவிட இது இன்னும் 500 மடங்கு.

கட்டாயம் வேலை செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கரையில் நிற்கும் கப்பல்கள் 0.1 விழுக்காட்டுக்கு மேல் கந்தகமுள்ள எரிபொருளைப் பயன்படுத்தக் கூடாது என்றது. கலிஃபோர்னியா 2007-ல் விதியை அறிவித்து, 2014-ல் ஒரு நிறுவனத்தின் கப்பற்கூட்டம் வரும் வருகைகளில் பாதி, 2017-ல் 70 விழுக்காடு, 2020-ல் 80 விழுக்காடு கரை மின்சாரத்தில் நிற்க வேண்டும் என்று படிப்படியாக ஏற்றியது. ஏழு ஆண்டு அவகாசம் இருந்ததால் கப்பல்காரரும் மாற்றினார், துறைமுகமும் கட்டியது. ‘நீ முதலில் கட்டு, நான் பிறகு வருகிறேன்’ என்று இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் சிக்கலை எந்த வரிச்சலுகையும் இவ்வளவு நேராக அவிழ்த்ததில்லை. ஐரோப்பாவிலும் 2030 முதல் முக்கியத் துறைமுகங்களில் பெட்டகக் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் இது கட்டாயமாகிறது.

பயம் ஒன்றுதான்: பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடுவார்களே. ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றும் இடமாற்றுச் சரக்கைப் பொறுத்தவரை இது வெறும் மிரட்டல் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கப்பல்களைக் கார்பன் சந்தையில் (வெளியிடும் கார்பனுக்கு விலை கொடுத்து அனுமதி வாங்க வேண்டிய முறையில்) சேர்த்தபோது, தப்பிக்க வழியாகிவிடக் கூடாது என்று மொராக்கோவின் டாஞ்சியர் மெட், எகிப்தின் கிழக்கு போர்ட் செய்த் ஆகிய இரண்டு துறைமுகங்களைப் பெயர் சொல்லியே விதியில் எழுதியது. தன் உள்நாட்டுச் சந்தைக்காகச் சரக்கு இறக்கும் துறைமுகத்துக்கு இந்தப் பயம் குறைவு. ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியே பிழைக்கும் துறைமுகத்துக்கு அதிகம். பின்னது என்றால் தனியாகக் குதிக்காமல் அண்டைத் துறைமுகங்களோடு பேசி ஒரே தேதியை வைத்துக்கொள்வது நல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பேன்

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் கரையில் நிற்கும் கப்பலுக்கான கட்டாயத்தை எடுப்பேன், போதிய அவகாசத்தோடு. இரண்டு எடுக்கலாம் என்றால் கரை மின்சாரக் கருவிகளைச் சொத்து மதிப்பீட்டிலிருந்து நீக்குவதையும் சேர்ப்பேன். நகராட்சி இழப்பது சொற்பம், அதுவும் இதுவரை வந்திராத வருமானம். கட்டாயத்துக்கு அரசியல் பலம் இல்லாத இடத்தில் திருப்பித் தரும் கட்டணத்தை முயல்வேன். நிலத்தின் மீதான வரியில் கை வைக்க மாட்டேன். அந்தப் பணம்தான் லாரிகளால் உடையும் சாலைக்கும் புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகளின் ஊர் மருத்துவமனைக்கும் போகிறது.

சொத்து வரியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் தவறவிடும் ஒரு வரியும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு ஆற்றல் வரிச் சட்டப்படி கப்பல் எரிபொருளுக்கு வரி கிடையாது. அதே கப்பல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுத்தால் மின்வரி உண்டு. புகைந்தால் வரியில்லை, புகையாவிட்டால் வரி! ஸ்வீடனும் ஜெர்மனியும் 2011-ல் தனி அனுமதி வாங்கி அந்த மின்வரியைக் குறைத்தன. எந்த அரசும் முனையத்துக்குச் சலுகை அறிவிக்கும் முன் தன் மின்கட்டணப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

எதைச் செய்தாலும் பின்தேதியிட்டுச் செய்யக் கூடாது. பிரிட்டனில் துறைமுகங்களுக்குள் இயங்கும் நிறுவனங்களைத் தனித்தனியாக மதிப்பிட வேண்டும் என்று முடிவெடுத்து, 2008-ல் சீட்டு அனுப்பினார்கள். வரி மட்டும் 2005 ஏப்ரலிலிருந்து கணக்கு. அதுவரை துறைமுகத்துக்கே வாடகையோடு சேர்த்துக் கட்டிவந்தவர்கள் தலைக்கு மேல் மூன்று ஆண்டு நிலுவை திடீரென்று விழுந்தது. தவணை கொடுத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கடைசியில் 2011-ல் வந்த சட்டத்தின் மூலம் அந்தப் பழைய நிலுவையை ரத்துசெய்ய வேண்டியதாயிற்று.